பழைய பிக்கப் வண்டியும் ஹவுராவின் பட்டறைகளும்

சரக்குச் சுமப்பதற்கென்று பிறந்த மோட்டார் வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஓய்வுக்காலம் என்று ஒன்று வாய்ப்பதில்லை. இயலும் வரை உழைத்து, இயலாத நாளில் இரும்பு விலைக்கு எடை போடப்பட்டு, உலைக்களம் சேர்வதே அவற்றின் முடிவாக இருந்து வந்திருக்கிறது. மன்னர்கள் ஏறிய கார்களுக்குக் காட்சிசாலைகள் கிடைத்தன. அரிசி மூட்டை ஏற்றிய வண்டிக்குக் கொட்டகைகூடக் கிடைத்ததில்லை. ஆயினும், முன்புறம் இரண்டு மூன்று பேர் அமரும் அறையும், பின்புறம் திறந்த பெட்டியும் உடைய பழைய பிக்கப் வண்டிகளைத் தேடிப் பிடித்து, வீட்டு முற்றத்திலேயே புதுப்பித்து ஓட்டி மகிழும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் காணப்படுகிறது. நம் நாட்டிலும் அதற்கு ஆர்வலர் உண்டு.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட ஓர் ஈடுபாடு இருத்தல் இயல்பே. பாட்டனார் மண்டிக்கும் தோட்டத்துக்கும் ஓட்டிய வண்டி ஊரில் கொட்டகையில் கோழி அடையும் கூடாக நின்றுகொண்டிருக்கும். பேரனோ ஹவுராவிலும், ஜாம்ஷெட்பூரிலும், நாகபுரியிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வண்டியைக் கொணர்ந்து உயிர்ப்பிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு நாள் எழும். அவ்வாசை நிறைவேறக் கூடியதா, வண்டியில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் கேள்விகளுக்கு ஹவுரா நகரத்தை முன்னிறுத்தி விடை காண்போம்.

ஹவுராவை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் அமைந்த இந்நகரம், இரும்பை உருக்கி வார்ப்பதையும் கடைவதையும் பல தலைமுறைகளாகத் தொழிலாகக் கொண்டது. ஆங்கிலேயர் காலத்தில் இதனைக் 'கிழக்கின் ஷெஃபீல்டு' என்று அழைத்தனர். பெலிலியஸ் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் லேத் பட்டறைகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. லிலுவாவில் ரயில்வேயின் பெரும் பணிமனை உள்ளது. ஆலமோகன் தாஸ் என்னும் தொழில் முனைவர் நிறுவிய இயந்திரத் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த தாஸ்நகர் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஹவுராவிலிருந்து புறப்படும் மின்சார ரயிலில் லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாரா ஆகிய நிலையங்களைக் கடந்தால் அடுத்து வருவது 'ஹிந்த் மோட்டார்' என்னும் நிலையம். அம்பாஸடர் காரைச் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையால் அந்நிலையத்துக்கு அப்பெயர் வந்தது. 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய அந்நிறுவனம் 1948இல் உத்தர்பாராவுக்கு வந்தது; 2014இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையின் சங்கு ஓய்ந்துவிட்ட போதிலும், அதைச் சூழ்ந்து வளர்ந்த கைத்திறன் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை.

இத்திறன் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிந்துகொள்வது நலம். போர்டு நிறுவனம் 1926இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் காலூன்றின. பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டி, காராகவும் லாரியாகவும் விற்றன. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா முனைக்கென வங்காளத்தில் வந்து குவிந்த ஜீப்புகளும் இராணுவ லாரிகளும், போர் முடிந்தபின் ஏலத்தில் பொதுமக்கள் கைக்கு வந்தன. பின்னர் 1953இல் சுங்கத் தீர்வைக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாகங்களை இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாத அயல்நாட்டு நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லாமற் போயிற்று. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. வண்டிகள் மட்டும் சாலையில் எஞ்சின. உதிரிப் பாகம் கப்பலில் வராதபோது, உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்வதைத் தவிர உரிமையாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. இல்லாமையே ஹவுராவின் தொழிலாளியை ஆசிரியராக்கிற்று எனலாம். இன்று ஷெவர்லே, டாட்ஜ், வில்லிஸ், பெட்போர்ட், லாண்ட் ரோவர் எனப் பல பெயர் தாங்கிய பழைய வண்டிகள் இந்நாட்டில் ஓடுகின்றன என்றால், அதற்கு இத்தகைய பட்டறைகளே காரணம்.

இனி, இரண்டு சொற்களைப் பிரித்து அறிதல் வேண்டும். ஒன்று புதுப்பித்தல்; மற்றொன்று மாற்றியமைத்தல். வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அந்நிலைக்கு அதனை மீட்பது புதுப்பித்தல். உரிமையாளரின் விருப்பத்துக்கும் தேவைக்கும் ஏற்ப உருவையோ இயந்திரத்தையோ வேறாக்குவது மாற்றியமைத்தல். அமெரிக்காவில் இவ்விரண்டும் ஒரே கொட்டகையில் நடைபெறும். இந்தியாவில் சட்டம் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கோடு கிழித்திருக்கிறது. அக்கோட்டை அறியாமல் தொடங்குவோர், பெரும் பொருளும் ஈராண்டு உழைப்பும் செலவிட்ட பின், சாலையில் ஓட்ட உரிமையற்ற ஓர் அழகிய பொருளுக்கு உடைமையாளராக நிற்க நேரிடும்.

ஆதலால், இயந்திரத்தின் மூடியைத் திறக்கும் முன் காகிதப் பெட்டியைத் திறக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. நிறத்தை மாற்றினாலும், இயந்திரம் பழுதுற்று அதே வகை இயந்திரத்தை வைத்தாலும், பதிவு அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றுச் சான்றில் குறிக்கச் செய்ய வேண்டும். அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண் துருவால் மறைந்திருந்தால், அதைத் தேய்த்து அழித்துவிடாமல் மெதுவாகத் துலக்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுதல் அவசியம். அவ்வெண்ணே வண்டியின் உயிர்ச்சான்று.

தமிழ்நாட்டிலிருந்து வண்டியைக் கொணர்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிவு செய்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், புதிய மாநிலத்தின் பதிவு எண்ணைப் பெற வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. அதற்கு ஊரில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. வண்டி இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தால், வாரிசு மாற்றத்தை ஊரிலேயே முடித்துக்கொண்டு புறப்படுவது நூறு அலைச்சலைக் குறைக்கும்.

ஹவுராவுக்கே உரிய நிபந்தனைகளும் உண்டு. கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஆணையின்படி, 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகள் கொல்கத்தாப் பெருநகரப் பகுதியில் ஓடுவது 2009 ஆகஸ்டிலிருந்து தடுக்கப்பட்டது. ஹவுரா அப்பகுதிக்குள் அடங்கியது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு, கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 ஆண்டு கடந்த தனியார் வண்டிகளையும் விலக்குமாறு ஆணையிட்டது. இத்தகைய ஆணைகள் மேன்முறையீட்டாலும் திருத்தத்தாலும் மாறக் கூடியவை. ஆகவே பணி தொடங்கும் நாளில் நிலைமை என்ன என்பதைப் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு அறிந்துகொள்ளுதல் வேண்டும். மற்றொரு புறம், 2021 ஜூலையில் மத்திய அரசு தொல்வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள், மூல உருவில் பேணப்பட்டு, அடிச்சட்டத்திலும் உடலிலும் இயந்திரத்திலும் பெருமாற்றம் செய்யப்படாமல் இருந்தால், அவ்விதிகளின்கீழ்ப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். காலம் 10 ஆண்டு. அவ்வண்டியைக் கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், ஆராய்ச்சிக்கும், பழுதுபார்ப்புக்கும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிபத்துக்கோ ஓட்டலாகாது. சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்கு இவ்விதிகள் பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெளிக. மாற்றியமைப்பதில் மிகையாக இறங்கியவர் இவ்வாயிலைத் தம் கையாலேயே அடைத்துக்கொள்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

காகிதம் சரியென்று கண்டபின் வண்டியின் அருகே செல்வோம். முதலில் பார்க்க வேண்டியது இயந்திரம் அன்று, அடிச்சட்டம். இரண்டு நெடுஞ்சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணி போல அமைந்ததே பிக்கப்பின் முதுகெலும்பு. சிறு சுத்தியலால் அதன் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல உருக்குக் கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். பட்டைவில் தொங்கும் தாங்கிகளைச் சுற்றியும், உடல் அமரும் இடங்களிலும், நீர் தேங்கும் மூலைகளிலும் துரு மிகும். ஹவுராவின் மழைக்காலத்தில் தெருநீர் முழங்கால் அளவு நிற்பது உண்டு. அந்நீரில் நின்ற வண்டியின் அடிப்பாகத்தை மேற்பூச்சைக் கொண்டு மதிப்பிடலாகாது.

அடிச்சட்டத்தின் இணைப்புகள் பெரும்பாலும் ரிவிட் அடித்து முடுக்கப்பட்டவை. 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் 26,500 டன் உருக்கை ரிவிட்டுகளாலேயே இணைத்துக் கட்டப்பட்டது என்பதை இங்கே நினைவு கொள்ளலாம். பளு மாறி மாறி வந்து விழும் அமைப்பில், சிறிது இணங்கிக் கொடுக்கும் இணைப்பு நெடுநாள் உழைக்கும். சட்டத்தின் விளிம்புகளில் கண்டபடி வெல்டிங் செய்தால், சூடேறிய இடத்தின் ஓரத்தில் பின்னர் வெடிப்புக் காணும். தளர்ந்த ரிவிட்டை அகற்றி, துளையைச் சரிசெய்து, புதிய ரிவிட்டோ அளவாகப் பொருந்தும் உயர்தர போல்ட்டோ இடுவது முறை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அம்பாஸடர் போன்ற கார்களின் பின்பகுதியை அறுத்து நீக்கிப் பிக்கப்பாக்குவதில் சிலர் ஆர்வம் காட்டுவர். அக்காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. கூரையும் தூண்களும் தளமும் சேர்ந்தே வலிமை தருகின்றன. கூரையை அறுத்தால் முதுகெலும்பை அறுத்ததாகும். அது சட்டத்துக்கும் மாறு, உயிருக்கும் ஆபத்து.

வீட்டில் செய்யத்தக்க வேலைகள் பல உண்டு. வண்டியைக் கழற்றுதல், துலக்குதல், பெயரிட்டு அடுக்குதல், மின்கம்பிகளை மாற்றுதல், மரப்பெட்டி அமைத்தல், அடிப்பூச்சுப் பூசுதல் ஆகியவை அவை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுக்க வேண்டும். திருகாணிகளைத் தகர டப்பாக்களில் இட்டு, எந்த இடத்தது என்று எழுதி ஒட்ட வேண்டும். இன்று தெளிவாக நினைவிருப்பது எட்டு மாதம் கழித்து நினைவிராது. வண்டியின் கீழே படுத்து வேலை செய்வோர் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. செங்கல் அடுக்கையும் நம்பலாகாது. அச்சுக்குக் கீழே உருக்குத் தாங்கிகளை வைத்து, வண்டியை உலுக்கிப் பார்த்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கும்; உலர்ந்த நிலையில் தேய்த்தால் அத்தூள் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, கழிவை வழித்தெடுக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் இருக்கக்கூடும். அத்தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல் தொட்டி காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். அதன் ஓட்டையை வீட்டில் பற்றவைக்க முயல்வது வெடிகுண்டுக்குத் திரி வைப்பதாகும்.

பட்டறைக்கு அனுப்ப வேண்டியவை வேறு. சிலிண்டரைக் கடைதல், கிராங்க் தண்டைச் சாணையிடுதல், அடிச்சட்டத்தை நேராக்குதல், தொட்டியைப் பழுதுபார்த்தல், வார்ப்பு வேலை ஆகியவற்றுக்கு அனுபவமும் பெரிய கருவிகளும் தேவை. பழைய பாகங்கள் வேண்டுமாயின் நதியைக் கடந்து கொல்கத்தாவின் மல்லிக் பஜாருக்குச் செல்லலாம். சென்னைப் புதுப்பேட்டையை அறிந்தவர்களுக்கு அங்கே வழிகாட்டி வேண்டியதில்லை. அதே நெருக்கம், அதே எண்ணெய் வாடை, அதே பேரம். இராணுவத்திலிருந்து கழிக்கப்பட்ட ஜீப், லாரிப் பாகங்களுக்குப் பானாகர் சந்தை பெயர் பெற்றது.

பழைய வண்டிகளில் திருகுமறை ஒரு பொறி. ஆங்கிலேய வண்டிகளின் விட்வொர்த் மறையில் பல்லின் கோணம் 55 பாகை. அமெரிக்க மறையிலும் இன்றைய மெட்ரிக் மறையிலும் 60 பாகை. இரண்டு சுற்று எளிதாகச் செல்லும். மூன்றாவது சுற்றில் இறுகும். பலத்தைக் காட்டித் திருகினால் இரும்பு வார்ப்பின் மறையே அழிந்துபோகும். மறை அளவியைக் கையில் வைத்திருக்கும் கடைசல்காரரிடம் காட்டி, உரிய போல்ட்டைச் செய்துகொள்வது மலிவான புத்திசாலித்தனம்.

சந்தையில் கிடைக்காத பாகத்தை வார்த்துக்கொள்ளலாம் என்பதே ஹவுராவின் சிறப்பு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வார்ப்படத் தொழில் புதியதன்று; ஆயினும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். உடைந்த பாகத்தைப் பார்த்து முதலில் மரத்தில் மாதிரி செய்வர். அதை மணலில் அழுத்தி அச்செடுத்து, உருகிய உலோகத்தை ஊற்றுவர். உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அலுமினியம் அதனினும் சற்று மிகுதியாகச் சுருங்கும். எனவே 300 மில்லிமீட்டர் நீளமுள்ள புகைபோக்கிக் கிளைக்குழாய் வேண்டுமானால், மாதிரி 303 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடைந்தெடுக்க வேண்டிய முகங்களில் அதற்கு மேலும் கனம் விட வேண்டும். உடைந்த பாகத்தையே ஒட்டி மணலில் அழுத்தினால், கிடைப்பது ஒரு குட்டிப் பாகமாகவே இருக்கும். மாதிரி செய்யும் தச்சர் சுருக்கத்தைக் கணக்கிட்ட தனி அளவுகோல் வைத்திருப்பார். அக்கோலைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வருகிறார்கள் என்பது கவலைக்குரியது. ஒரு பழைய வண்டியைப் புதுப்பிப்பவர் தம்மை அறியாமலே அத்தகைய ஒருவருக்கு வேலை கொடுக்கிறார்.

ஆனால் எல்லாவற்றையும் வார்த்துவிட முடியும் என்று எண்ணலாகாது. கிளைக்குழாய், நீரேற்றியின் உறை, விளக்குத் தாங்கி, மிதியின் முகம் போன்றவற்றை வார்க்கலாம். ஸ்டியரிங் கை, சக்கர அச்சுமுனை, இணைப்புத் தண்டு முதலியன உருக்கைச் சம்மட்டியால் அடித்து உருவாக்கியவை. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது, முன்னறிவிப்பின்றி முறியும். அப்பாகங்களை வார்க்கவும் கூடாது. வெடித்தால் பற்றவைக்கவும் கூடாது. நற்பாகம் கிடைக்கும் வரை வண்டி காத்திருக்கட்டும்.

பிரேக்கு அமைப்பில் சிக்கனம் பார்ப்பவர் வண்டியைத் தொடாதிருத்தலே நன்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்வழியாகவே எண்ணெய் அழுத்தம் செல்லும். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருசேரப் போகும். உருக்குக் குழாய்கள், ரப்பர்க் குழாய்கள், சிலிண்டர் ரப்பர்கள் அனைத்தையும், பார்வைக்கு நன்றாயிருப்பினும், புதிதாக இடுக. பிரேக் ரப்பர்களை மண்ணெண்ணெயிலோ இயந்திர எண்ணெயிலோ கழுவினால் அவை உப்பி அடைத்துக்கொள்ளும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வங்காளத்தின் ஈரக்காற்றில் ஈராண்டுக்கு ஒரு முறையேனும் அதை மாற்ற வேண்டும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி வழி தரும் இரட்டைத் தலைமைச் சிலிண்டரை, அலுவலகத்துக்கு அறிவித்து, தேர்ந்த பட்டறையில் பொருத்திக்கொள்வது நாம் பரிந்துரைக்கும் முதல் மாற்றம்.

நெடுநாள் நின்ற இயந்திரம் இறுகியிருக்கும். உடனே இழுத்து ஓட்டிப் பார்க்கும் அவசரம் வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, துளைவழியே எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் மெல்லத் திருப்ப வேண்டும். திரும்பினால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். 1953 வரை வந்த ஷெவர்லே பிக்கப்புகளின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இயந்திரத்தில், இணைப்புத் தண்டின் தாங்கிகள் இன்று கடையில் கிடைக்கும் ஓடுகள் அல்ல. வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்தவை. அவ்வேலை அறிந்தவர் கிடைத்த பின்னரே அவ்வியந்திரத்தைப் பிரிக்க வேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. பழைய இயந்திரங்களில் அந்த ஈயமே வால்வு அமரும் முகத்துக்குக் காப்பாக இருந்தது. சிலிண்டர் தலையைக் கழற்றும் வேளையில், புறவால்வுகளுக்குக் கடினமான உருக்கு வளையங்களை இட்டுவிட்டால் கவலை நீங்கும். மேலும், 2025இல் நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு 20 என்ற அளவை எட்டியது. பழைய ரப்பர்க் குழாய்கள், தக்கை வளையங்கள், பம்பின் சவ்வு ஆகியவற்றை எத்தனால் இளக்கிவிடும். நின்ற தொட்டியில் ஈரத்தைச் சேர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இட்டு, மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியின் தொட்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதிருக்க வேண்டும்.

மின்கம்பிகளைப் பற்றி ஒரு சொல். துணி சுற்றிய பழைய கம்பிகளை ஒட்டுப்போட்டு ஓட்டுதல் தீயை அழைப்பதாகும். கம்பித் தொகுதி முழுவதையும் புதிதாக இட்டு, ஒவ்வொரு வழிக்கும் தனிப் பியூஸ் வைக்க வேண்டும். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்க. ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும்.

உடல் வேலையில் துருவை மறைப்பவரும் உண்டு. துருவை நீக்குபவரும் உண்டு. ஓட்டையில் பட்டியை அப்பி மெருகிட்ட கதவு அடுத்த மழைக்குக் கொப்பளிக்கும். துரு தின்ற தகட்டை அறுத்து நீக்கி, அதே கனமுள்ள புதிய தகட்டை வெட்டி, ஓரிடத்தில் சூடு மிகாதவாறு இடம் மாற்றி மாற்றிச் சிறு சிறு புள்ளிகளாகப் பற்றவைக்க வேண்டும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டதாலேயே பெரும்பாலான கதவுகள் அழிகின்றன. அவற்றைத் திறந்து விட மறவாதீர். பூச்சு வேலையை ஆடி, ஆவணி மாதங்களின் ஈரக்காற்றில் வைத்துக்கொள்ளலாகாது, பூச்சு வெளிறிப்போகும். கார்த்திகை முதல் மாசி வரை உகந்த காலம். செப்டம்பர் நடுவில் விசுவகர்ம பூஜை வரும். நம் ஊர் ஆயுத பூஜையைப் போல அன்று ஹவுராவின் இயந்திரங்கள் யாவும் ஓய்ந்து மாலை சூடிக்கொள்ளும். அதைத் தொடர்ந்து துர்க்கை பூஜை, காளி பூஜை எனத் திருநாள்கள் வரும். இந்நாள்களைக் கணக்கிலிட்டு வேலையைத் திட்டமிடுபவர் தொழிலாளியோடு மனத்தாங்கல் கொள்ள நேராது.

மாற்றியமைத்தலுக்கு இடமே இல்லையோ எனக் கேட்கலாம். உண்டு. இருக்கைப் பட்டை, இருபுறக் கண்ணாடிகள், நல்ல விளக்குகள், அளவுக்கு ஒத்த புதிய டயர்கள் ஆகியவை பாதுகாப்பைக் கூட்டும், உருவைக் கெடுக்கா. பின்பெட்டியின் பலகைகளை நல்ல தேக்கில் இழைத்து அமைக்கலாம். வங்காள லாரிகளின் பலகைகளில் தாமரையும் மயிலும் எழுதும் ஓவியரைக் கொண்டு, பாட்டனார் கடையின் பெயரைப் பெட்டியின் பக்கப் பலகையில் அழகிய தமிழில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு எச்சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. எண்பலகை மட்டும் விதிப்படி இருக்கட்டும்.

புதுப்பித்த சரக்கு வண்டி காட்சிப் பொருளாகவே நிற்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இம்மாநிலத்தின் வடகோடியில் ஒரு சான்று உண்டு. டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ சிகரத்துக்குச் செல்லும் செங்குத்தான பாதையில், ஐம்பதுகளில் வந்த லாண்ட் ரோவர்கள் பயணிகளைச் சுமந்து வந்திருக்கின்றன. 1948இல் அவ்வகை வண்டி முதன்முதல் உலகுக்கு அறிமுகமானது. 2018இல் எழுபதாம் ஆண்டைக் கொண்டாடிய அந்நிறுவனம், மானேபஞ்சாங்கைத் தேடி வந்து, அங்குள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் படம் பிடித்தது. அவ்வண்டிகளைக் காத்தவர்கள் செல்வர் அல்லர். அவற்றால் பிழைக்கும் ஓட்டுநர்களே. கிடைத்த பாகத்தைப் பொருத்தி, கிடைக்காததைச் செய்து, பிரேக்கை மட்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சோதித்து ஓட்டுவதே அத்தகைய மலைப்பாதையில் உயிரோடு திரும்பும் வழி.

சமநிலத்தில் வாழும் நமக்கும் அதுவே வழி. உயிரைத் தாங்கும் பாகங்களான அடிச்சட்டம், ஸ்டியரிங், பிரேக்கு, மின்கம்பி ஆகியவற்றில் பழமையைப் போற்ற வேண்டியதில்லை; அவை குறைவின்றி இருத்தல் வேண்டும். நினைவைத் தாங்கும் பாகங்களான உருவம், இருக்கை, தேய்ந்த மிதி, பாட்டனாரின் கைபட்டு வழுவழுப்பேறிய கதவுப்பிடி ஆகியவற்றில் புதுமையைத் திணிக்க வேண்டியதில்லை. அவை உள்ளவாறே இருக்கட்டும். வாங்கிய பாகம், கொடுத்த கூலி, செய்த வேலை, செய்தவர் பெயர் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் நாள் தவறாமல் எழுதி வைக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் அது சான்றாகும். நாளை இவ்வண்டியைத் திறக்கப்போகும் மகனுக்கோ மகளுக்கோ அதுவே கைவிளக்காகும்.